மின்விசிறிக்கு அடியில் கிடந்த புத்தகம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், வந்தால் சீக்கிரம் போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுமையான ஒரு ஆசிரியை அவசரத்தில் ஏதோ தவறு செய்துவிட்டாள் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசக் கூடாது. நான் அந்தத் தவறை நிதானமாக, ஆறு வாரம் எடுத்துக்கொண்டு, நோட்டில் கட்டம் போட்டுச் செய்தேன்.

திருவொற்றியூர் பக்கம் ஒரு கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுக்கிறேன். மதிய ஷிஃப்ட். காலை ஷிஃப்ட்காரர்கள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, ஒன்றரை மணிக்கு எங்கள் பிள்ளைகள் வருவார்கள். பிள்ளைகள் என்பது வாய்ப்பழக்கம். பாதிப் பேர் அதற்குள் ஒரு வேலையை முடித்துவிட்டு வருகிறவர்கள். விடிகாலையில் பால் பாக்கெட் போட்டவன் இருப்பான். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துவிட்டு, பேனா பிடிக்க விரல் மடங்காமல் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே உட்காருகிறவன் இருப்பான். எல்லாருக்கும் மூத்தவள் முப்பத்து நாலு வயதுப் பெண். வண்ணாரப்பேட்டையில் ஒரு புடவைக் கடையில், வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்ட புடவைகளைத் திரும்ப மடித்து அடுக்குகிற வேலை அவளுக்கு. மதியத்துக்கு மேல் விடுப்பு வாங்கிக்கொண்டு வருவாள். வகுப்பே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். நானும் சில சமயம் வாய் தவறிக் கூப்பிட்டிருக்கிறேன்.

எங்கள் பாடப்பிரிவு புதியது. முதல் பருவத் தேர்வில் நடத்தை அறிவியல் தாளில் முக்கால்வாசிப் பேர் கவிழ்ந்தார்கள். முதல்வர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வணிகவியல்காரர், மரியாதையான மனிதர். கெட்ட செய்தியைச் சொல்வதற்கு முன்னால் டீ சொல்வார். டீ வந்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அடுத்த முறை அந்தத் தாளில் வகுப்பில் பாதிப் பேராவது தேறாவிட்டால் பாடப்பிரிவை மூடிவிட்டு, எல்லாரையும் பி.காமுக்கு மாற்றிவிடுவதாக நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது என்றார்.

இதை வகுப்பில் சொன்னேன். அக்கா மட்டும் எழுந்து நின்றாள்.

"பி.காமுக்கு நான் வரல மிஸ். மனுஷங்க இன்னாத்துக்கு இப்டி நடந்துக்கறாங்கன்னு தெர்ஞ்சிக்கத்தான் வந்தேன். அது இல்லன்னா முழு நாளும் பொடவையே மடிச்சிகினு இருந்துடறேன்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. வெறும் தகவலாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அந்த நிமிடத்தில் இந்தப் பாடப்பிரிவை மூட விடக் கூடாது என்று முடிவு செய்தேன். காரணம் கல்லூரியோ உளவியலோ இல்லை. அந்தப் பெண் புடவைக்குத் திரும்பிப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

தோல்விக்குக் காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கையில் ஒழுங்கான பாடப்புத்தகம் கிடையாது. எந்தக் கல்லூரியிலோ யாரோ எழுதிய நோட்ஸின் ஜெராக்ஸின் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு படித்தார்கள். அதில் பாதி எழுத்து கறுப்பாகவும் மீதி எழுத்து இல்லாமலும் இருக்கும். ஃபோனில் பி.டி.எஃப். கிடைக்குமே என்று கேட்பீர்கள். கிடைக்கும். ஆனால் விரிசல் விட்ட திரையில், ஷேர் ஆட்டோவின் பின் சீட்டில், ரெண்டு கன்டெய்னர் லாரிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அறுநூறு பக்க பி.டி.எஃப். படித்த ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

முதல்வர் ஒரு வழி செய்தார். புத்தக நிதியிலிருந்து ஆளுக்கு ஒரு பிரதி வாங்கலாம், ஆனால் ஒரே ஒரு தலைப்புதான், எது என்று நீங்களே தேர்ந்தெடுத்துக் காரணத்தோடு எழுதிக் கொடுங்கள் என்றார். புத்தக விற்பனையாளர்களிடம் சொன்னேன். ஐந்து மாதிரிப் பிரதிகள் வந்தன.

முதலாவது வெளிநாட்டுப் புத்தகம். கருங்கல் கனம், வழவழ தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர் படம். பிரித்துப் பார்த்தால் உதாரணங்கள் எல்லாம் பனிப்பொழிவு, விடுதி அறைத்தோழன் தட்டைக் கழுவாதது, காசு போட்டால் சாக்லேட் விழும் இயந்திரம். சாக்லேட் விழாவிட்டால் மனிதன் இயந்திரத்தை ஏன் உதைக்கிறான் என்று மூன்று பக்கத்துக்கு விளக்கம். எங்கள் பிள்ளைகள் அந்த இயந்திரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் புத்தகம் இல்லாமலே உதைத்திருப்பார்கள். இன்னொன்று ஒவ்வொரு வரியிலும் நாலு அறிஞர் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டு, வாக்கியம் எங்கே முடிகிறது என்று தேட வைத்தது. ஒன்று வெறும் கேள்வி பதில். ஒன்றில் அச்சு அவ்வளவு பொடி, எறும்பு வரிசை போல. கடைசியாக வந்தது தமிழில் ஒல்லியான புத்தகம். மட்டமான தாள். அட்டையில் மூளைப் படம் போட்டிருந்தார்கள், சாயம் பிசகி அது காலிஃபிளவராக மாறியிருந்தது.

எது நல்லது என்று பிள்ளைகளிடமே கேட்டிருக்கலாம். கேட்க மாட்டேன். மனிதர்கள் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று, அதனால் வாயைக் கேட்காதே, நடத்தையைப் பார் என்று முதல் நாள் வகுப்பில் மேசையைத் தட்டிச் சொன்னவள் நான். அதுவும் டீச்சர் கேட்டால், டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். ஆகவே ஐந்து புத்தகத்தையும் வாசிப்பு அறை மேசையில் வைத்தேன். கையெழுத்து வேண்டாம், யாரும் கேட்க மாட்டார்கள், அறைக்குள்ளேயே எடுத்துப் படிக்கலாம். வெள்ளிக்கிழமை தோறும் நான் போய் எந்தப் புத்தகம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வேன். அதிகம் தேய்ந்தது எதுவோ, அதுதான் அதிகம் பயன்படுவது. எவ்வளவு எளிமையான யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வாசிப்பு அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாலு மின்விசிறி உண்டு, மூன்று அலங்காரத்துக்கு. ஓடுகிற ஒன்றும் பெரும் புலம்பலோடுதான் ஓடும். எண்ணூர் அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் பறந்து வருகிறது என்று ஜன்னலைச் சாத்தி வைத்திருப்பார்கள். மே மாதத்தில் அங்கே உட்கார்ந்து படிப்பது விரதம் இருப்பதற்குச் சமம். ஓடுகிற விசிறிக்கு நேர் கீழே ஒரே ஒரு நாற்காலிக்குத்தான் காற்று முழுசாக விழும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் நோட்டில் அதற்குக் கட்டம் போடவில்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை தமிழ்ப் புத்தகத்தைக் காணோம். நூலக உதவியாளர் கையை விரித்தார். நோட்டில், 'தொலைந்துவிட்டது, யாரும் தேடவில்லை, தேவை இல்லை எனக் கொள்ளலாம்' என்று எழுதி அந்த வரிசையை அடித்துவிட்டேன்.

வெளிநாட்டுப் புத்தகமோ வாரத்துக்கு வாரம் எனக்குச் சந்தோஷம் கொடுத்துக்கொண்டிருந்தது. முதல் வாரம் மூலை மடங்கியது. மூன்றாவது வாரம் அட்டையில் டீ கிளாஸ் வைத்த வட்டம். நாலாவது வாரம் முதுகு விட்டுப்போயிற்று. ஐந்தாவது வாரம் அட்டையில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. ஐஸ் உடைக்கிற பையன்கூடப் படித்திருக்கிறானே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே இவ்வளவு அடிபட்ட புத்தகத்தின் உள்பக்கங்கள் மட்டும் அச்சகத்திலிருந்து வந்த மாதிரியே மொடமொடவென்று இருந்தன. சில தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை. அதையும் கவனித்தேன். கவனித்து, 'உள்பக்கங்களை மிகுந்த அக்கறையுடன் கையாள்கிறார்கள்' என்று எழுதினேன். இந்த வரியை இப்போது நினைத்தாலும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றும்.

பதினாலு பக்கத்துக்கு அறிக்கை. வரைபடம் இரண்டு. முதல்வர் வரைபடத்தைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். புத்தகம் வாங்குவதற்கு இப்படி ஒரு குறிப்பை இந்தக் கல்லூரி பார்த்ததே இல்லை, மற்றத் துறைகளுக்கும் அனுப்பப் போகிறேன் என்றார். அனுப்பியும் விட்டார். அன்று சாயங்காலம் ஷேர் ஆட்டோவுக்குக் கூட நிற்காமல் வீடு வரை நடந்தே போனேன். அவ்வளவு பெருமையை மடியில் வைத்துக்கொண்டு பத்துப் பேரோடு இடித்துக்கொண்டு உட்கார முடியாது.

முப்பத்திரண்டு பிரதிகள் ஒரு மினி வேனில் வந்து இறங்கின. பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார்கள். முகத்தில் என்னவோ குழப்பம். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

வகுப்புக்கு ஒருவரும் அதை எடுத்து வரவில்லை. திட்டினேன். கனமாக இருக்கிறது என்றார்கள். கனமாக இருந்தால் தூக்கு, உடம்புக்கு நல்லது என்று கத்தினேன். மறுநாள் நாலு பேர் எடுத்து வந்தார்கள், மேசையில் வைத்தார்கள், திறக்கவில்லை. தேர்வுக்கு ஒன்றரை மாதம் இருந்தது. வகுப்புத் தேர்வு வைத்தால் பழைய கதைதான், முக்கால்வாசிப் பேர் கவிழ்ந்தார்கள். அக்கா மட்டும் நன்றாக எழுதியிருந்தாள். அவள் ஒருத்தி தேறினால் போதாது, பாதி வகுப்பு தேற வேண்டும் என்று எனக்குத் தூக்கம் போயிற்று.

அப்புறம் ஒரு மதியம் பஞ்சாயத்து வந்தது. வாசிப்பு அறையில் ரெண்டு பையன்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். பிரித்து என்னிடம் இழுத்து வந்தார்கள். பின்னாலேயே அரை வகுப்பும் வந்தது.

"நீங்களே ஞாயத்த சொல்லுங்க மிஸ். புக்க போட்டுட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா இவன் குந்திகினு கீறான்."

மற்றவன், அது என் புத்தகம், நான்தான் முதலில் போட்டேன் என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கே போட்டாய், எதற்குப் போட்டாய் என்று கேட்டேன். கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அக்காதான் முன்னால் வந்தாள்.

"அப்போ அந்த பெரிய புக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருந்திச்சி மிஸ். யார் மொதல்ல வராங்களோ அவங்க அத எடுத்து ஃபேனுக்கு கீழ இருக்கற சேர்ல போட்டுடுவாங்க. புக்கு கெடந்தா சேர் அவங்களுது. இப்போ எல்லார் கைலயும் அதே புக்க குடுத்துட்டீங்க. எது யாருதுன்னே தெர்ல. தெனம் சண்ட."

அப்போதும் நான் விசாரணையை விடவில்லை. ஏன் அந்தப் புத்தகம், மேசையில் வேறு புத்தகமே இல்லையா என்று கேட்டேன்.

"வேற புக்க போட்டா யார்னா எடுத்து படிச்சிடுவாங்க மிஸ்," என்றான் ஐஸ் உடைக்கிற பையன். "இத யாரும் எடுக்க மாட்டாங்க."

இதைக் கேட்டு நான் அதிர்ச்சி அடைந்தேன் என்று எழுதினால் பொய். அதிர்ச்சி அடைய எனக்கு அருகதை இல்லை. நான் பிறந்து வளர்ந்ததே காலடிப்பேட்டையில்தான். ரேஷன் கடை வரிசையில் எங்கள் வீட்டுக்காக ஒரு செங்கல் நிற்கும். அதற்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரரின் ஒற்றைச் செருப்பு நிற்கும். தண்ணீர் லாரி வரும் நாளில் விடியும் முன்பே குடங்கள் வரிசை கட்டிவிடும், மனிதர்கள் போய்த் தூங்குவார்கள். குடத்தின் நெளிவைப் பார்த்து அது யார் வீட்டுக் குடம் என்று சொல்கிற திறமை எனக்கு ஆறு வயதிலேயே இருந்தது. அந்தக் குடம் மிகவும் நெளிந்திருக்கிறது, ஆகவே அந்த வீட்டில்தான் அதிகம் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று எந்தப் பைத்தியக்காரியும் அறிக்கை எழுத மாட்டாள். நான் எழுதினேன், வரைபடத்தோடு.

சரி, அப்படியென்றால் நீங்கள் எதைத்தான் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். அக்கா தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து, டிபன் பாக்ஸுக்குப் பக்கத்திலிருந்து, நூலில் தைத்த ஒரு பதினைந்து தாளை எடுத்து நீட்டினாள். மட்டமான தாள். நாலாவது பாடம். காணாமல் போன தமிழ்ப் புத்தகம்.

திருடவில்லை மிஸ் என்று அவசரமாகச் சொன்னாள். டீக்கடையில் பேப்பரைப் பிரித்து ஆளுக்கு ஒரு தாளாக வைத்துக்கொண்டு படிப்பார்களே, அப்படிப் பாடம் பாடமாகப் பிரித்துக்கொண்டார்களாம். பத்துப் பாடம், முப்பத்திரண்டு பேர். அதிலும் முதல் பத்துப் பேர் கையை விட்டு நகரவே இல்லை. ஞாபக சக்தியைப் பற்றிய பாடத்தை வைத்திருந்தவன் அதை எங்கே வைத்தோம் என்று மறந்து, மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருந்தான். பயனுள்ள பாடப்புத்தகம் எது என்று அவர்கள் இரண்டாவது வாரத்திலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள், எடுத்துக்கொண்டு போனதன் மூலம். தேய்மானம் பார்த்த எனக்குத் திருட்டு கண்ணில் படவில்லை.

கோபம் வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவர்கள் திட்டு வாங்கத் தயாராக நின்றார்கள். அந்த நிற்கிற விதம் எனக்குத் தெரியும், தோளைக் குறுக்கிக்கொண்டு, பழகின நிற்பு. அதைப் பார்த்ததும் கோபம் இறங்கிவிட்டது. தேய்மானம் பார்த்தது, மீன் செதில், பதினாலு பக்க அறிக்கை எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லி, தப்பு என்னுது, உங்களைக் கேட்டிருக்கணும், மன்னிச்சிடுங்க என்றேன். ஒரு பையன் மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பது போல் என் அறைக் கூரையை அண்ணாந்து பார்த்தான். அங்கே விசிறியே கிடையாது.

முதல்வரிடம் ஒரு பக்கத்தில் இரண்டாவது அறிக்கை கொடுத்தேன். படித்துவிட்டு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். புத்தகத்தைத் திருப்ப முடியாது, இந்த வருஷ நிதி முடிந்தது, முதல் அறிக்கையை மற்றத் துறைகளில் எல்லாரும் பாராட்டியிருக்கிறார்கள், அதனால் இந்த இரண்டாவது அறிக்கையை நான் இன்னும் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம் என்றார். டீ சொன்னார்.

மிச்சமிருந்த நாட்களில் அந்தக் கிழிந்த பத்துப் பாடத்தை வைத்துத்தான் நடத்தினேன். யாரிடம் எது இருக்கிறது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். கையை விட்டு நகராதவர்கள் கையிலிருந்து பிடுங்கினேன். ஞாபக சக்தி அவன் சித்தி வீட்டு பீரோவுக்கு அடியிலிருந்து கிடைத்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் உதாரணம் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும், பனி பெய்யக் கூடாது என்று சொன்னேன். பெரிய புத்தகங்கள் முப்பத்திரண்டிலும் முதுகில் மார்க்கரால் அவரவர் பெயரை எழுதச் சொன்னேன். நாற்காலிச் சண்டை அன்றோடு நின்றது. கல்லூரி நிதிக்கு அந்தப் பயனாவது கிடைக்கட்டும்.

தேர்வு முடிந்து வெளியே வந்தார்கள். வினாத்தாளைப் பார்த்தேன். நடத்தையை உற்றுநோக்கி முடிவுக்கு வருவதில் ஏற்படும் பிழைகளை ஒரு எடுத்துக்காட்டுடன் விளக்குக என்று பெரிய கேள்வி ஒன்று. என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். நல்லா எழுதிகீறோம் மிஸ் என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கலைந்து போனார்கள்.

விடைத்தாள் திருத்தும் முகாம் நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு கல்லூரிக் கூடத்தில் நடந்தது. நம் கல்லூரித் தாள் நமக்கு வராது, எண்ணும் மாற்றியிருப்பார்கள். நான் வேறொரு பாடத்தின் கட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது நாள், பக்கத்து மேசையில் இருந்த பேராசிரியர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். இஸ்திரி கலையாத சட்டை, சிவப்புப் பேனா ரெண்டு. ஒரு முட்டாள் டீச்சர் கதை மேடம், கேளுங்கள் என்று சுற்றியிருந்தவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். ஐந்து புத்தகம், ஒரு மின்விசிறி, ஒரு நாற்காலி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தனியாகச் சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடும்.

பத்து நிமிஷத்தில் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. இன்னொரு தாளிலும் அதே டீச்சர். அதற்கடுத்ததிலும். பதினொரு தாள் வரை பார்த்துவிட்டு, கட்டைத் தூக்கிக்கொண்டு தலைமைத் தேர்வாளரிடம் போனார்.

"பதினொரு பேப்பர்லயும் ஒரே கதை மேடம். அதே ஃபேன், அதே நாற்காலி. எங்கயோ மொத்தமா காப்பி அடிச்சிருக்காங்க. ரிப்போர்ட் பண்ணணும்."

தலைமைத் தேர்வாளர் புகார்ப் படிவத்தை எடுத்தார். அந்தப் படிவம் போனால் முடிவை நிறுத்தி வைப்பார்கள், விசாரணை, மாதக்கணக்கு. அதற்குள் நிர்வாகம் பாடப்பிரிவை மூடிப் பூட்டுப் போட்டுவிடும். அக்கா புடவை மடித்துக்கொண்டிருப்பாள். இவ்வளவும் எனக்கு ஒரே நொடியில் புரிந்தது. புரிந்தும் நான் உடனே எழவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது பேராசிரியர்கள் இருந்த கூடம். இதில் பாதிப் பேரை இன்னும் இருபது வருஷம் நான் பார்த்தாக வேண்டும். கையிலிருந்த டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். கிளாஸைக் கீழே வைத்தேன். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனதும் எழுந்தேன்.

"அது காப்பி இல்ல சார். நடந்தது. அந்த முட்டாள் டீச்சர் நான்தான்."

எல்லாப் பேனாவும் நின்றது. எந்தக் கல்லூரி என்று சொல்லக் கூடாது என்று தலைமைத் தேர்வாளர் கையை உயர்த்தினார். சொல்ல மாட்டேன், டீச்சர் யார் என்று மட்டும்தான் சொல்கிறேன் என்றேன். அவர் யோசித்தார். காப்பி என்றால் வார்த்தை ஒன்றாக இருக்கும், கண்ணால் பார்த்தது என்றால் ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும், படியுங்கள், இவர் சாட்சி சொல்லட்டும் என்றார்.

இஸ்திரி சட்டைக்காரர் நின்றுகொண்டு படித்தார். நான் நின்றுகொண்டு கேட்டேன். 'ஆசிரியை நல்லவர், ஆனால் முன்கோபி.' சரிதான் என்றேன். 'அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தபோது எங்களை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.' இருக்கலாம் என்றேன். ஒருவன் நான் அறிக்கைக்குப் பதினாலு பக்கம் எழுதியதைச் சரியாகக் குறித்திருந்தான். இன்னொருவன் இருபது பக்கம் என்று எழுதியிருந்தான், அதைத் திருத்தினேன். 'அட்டையில் இருந்த மீன் செதில் என்னுடையது. நான் அந்தப் புத்தகத்தை ஒரு வரிகூடப் படித்ததில்லை' என்று ஒரு தாள். கூடம் குலுங்கிச் சிரித்தது. ஒவ்வொரு தாளிலும் கதை முடிந்த இடத்தில், தேய்மானம் பயன்பாட்டைக் காட்டும், ஆனால் எந்தப் பயன்பாடு என்பதைக் காட்டாது என்று அவரவர் வார்த்தையில், துளி பிசகாமல் எழுதியிருந்தார்கள். பாடம் கரெக்டாத்தான் புரிஞ்சிருக்கு என்று அவரே முணுமுணுத்தார். தலைமைத் தேர்வாளர் படிவத்தை எடுத்து மேசைக்குள் வைத்துவிட்டார்.

முடிவு வந்தபோது இருபத்து மூன்று பேர் தேறியிருந்தார்கள். பாடப்பிரிவு மூடப்படவில்லை. ஆனால் திருத்தும் முகாமில் அன்று அந்த மேசையில் இன்னும் ஒரு தாள் பாக்கி இருந்தது.

பிரித்ததுமே யாருடையது என்று தெரிந்துவிட்டது. மடித்து அடுக்கிய மாதிரி நேரான எழுத்து. கடையில் அதிகம் பிரித்துப் பார்க்கப்படும் புடவைதான் முதலில் விற்கும் என்று முதலாளி நினைப்பார். அது எனக்கு வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் எல்லாரும் அதை எடுக்கிறார்கள் என்பது மடிக்கிறவளுக்குத் தெரியும் என்று ஆரம்பித்திருந்தாள். அப்புறம் என் கதை. இஸ்திரி சட்டைக்காரர் படித்துக்கொண்டே வந்து கடைசிப் பத்தியில் குரலைத் தணித்தார்.

'தவறு தெரிந்ததும் ஆசிரியை எங்கள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார். கடையிலும் வீட்டிலும் இதுவரை என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. இந்த நடத்தை எந்தப் பாடத்தில் வருகிறது என்று பத்துப் பாடத்திலும் தேடினேன். பெரிய புத்தகத்தையும் அன்றுதான் முதல் தடவையாகத் திறந்து பார்த்தேன். இல்லை.'

இது கேள்விக்குச் சம்பந்தமில்லாத பத்தி என்றார் அவர். பிறகு, இதுவும் நடந்ததா மேடம் என்று என்னைக் கேட்டார். நடந்தது என்றேன். அவர் ஒரு மதிப்பெண் போட்டார், உடனே அதை அடித்துவிட்டு, பக்கத்தில் ஒன்று கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் என் மேசைக்குத் திரும்பி அடுத்த தாளைப் பிரித்து வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்துக்கு எழுத்து ஒன்றும் தெரியவில்லை.